எருமைச் சந்துக் குழாய்

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிந்து மாட்டுக் கொட்டில்கள் வரைக்கும் போகிற எருமைச் சந்துக்கு முனிசிபல் குழாய் வந்தபோது, அதை யாரும் வா என்று கூப்பிடவில்லை. ராணி போய் ராசா பட்டத்துக்கு வருவதற்குச் சில வருஷம் முந்தைய கதை அது. சந்தின் கடைசியில் ஆழமான கிணறு ஒன்று இருந்தது. அதற்கு ஒரு பக்கம் எருமைக் கொட்டில், இன்னொரு பக்கம் கக்கூஸ். இரண்டுக்கும் நடுவே இருந்துகொண்டு எந்த வெயிலுக்கும் வற்றாமல் ஊறியது. எங்கிருந்து ஊறுகிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஒருநாள் சுகாதாரத் துரை ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார், ஒரு புட்டியில் தண்ணீரை அள்ளிக்கொண்டு போனார். அப்புறம் பலகை வந்தது, ஆணி வந்தது, கிணற்றின் வாயை அடைத்தார்கள். சந்து முனையில் இடுப்பளவு உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாயை நட்டுவிட்டுப் போனார்கள்.

"இரும்புக்குள்ள படுத்துக் கெடந்து வர்ற தண்ணியில உசுரு ஏதுடி?" என்றாள் மருத்துவச்சி ஆராயி. சந்தில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அவள் கையில் விழுந்தவை. அவள் சொன்னால் சொன்னதுதான். கொஞ்ச காலம் அந்தக் குழாயில் காக்கை மட்டும் தண்ணீர் குடித்தது. பெண்கள் வேலை மெனக்கெட்டு அடுத்த சந்துக் கிணற்றுக்குப் போய்த் தூக்கி வந்தார்கள்.

அந்த அடுத்த சந்தில்தான் வாந்திபேதி வந்தது. வீடு வீடாகப் பாடை போயிற்று. அந்தக் கிணற்றில் இறைத்த எருமைச் சந்துக்காரர்களிலும் சிலர் படுத்தார்கள். பயத்தில் மற்றவர்கள் குழாய்க்கு ஓடி வந்தார்கள். குழாய்த் தண்ணீர் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்காகத் துரைக்கு யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. குழாய்க்குத்தான் சொன்னார்கள். ஆராயியே முன்னால் நின்று அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தாள்.

அதன் பிறகு அந்தக் குழாய் இல்லாமல் சந்து இல்லை என்று ஆகிவிட்டது. விடியற்காலை பாங்கு ஓய்ந்ததும் குழாயடி முஸ்லிம் பெண்களுக்கு. அந்த நேரத்தில் ஆம்பிளை எவனும் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டான். பால் கறக்கப் போகிற கோனார்கூட முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் நடப்பார். இப்படிச் செய்யுங்கள் என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை, அதுவாக அமைந்துபோனது. வெயில் ஏறியதும் மற்றவர்கள் வருவார்கள். கோயிலில் சேராதவர்கள், பள்ளிவாசலில் சேராதவர்கள், கள்ளுக்கடையில்கூடச் சேராதவர்கள் எல்லாரும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஊர் வம்பு பேசினார்கள். கல்யாணம் அங்கே பேசி முடிந்தது, சண்டை அங்கே தொடங்கியது. ஊருக்குக் கப்பல் ஏறுகிறவன் கடைசியாக அங்கேதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனான்.

அந்தக் குழாயின் சாவி செல்லக்கண்ணுவிடம் இருந்தது.

சாவி என்றால் இடுப்பில் செருகுகிற சாவி இல்லை. அவன் நெஞ்சளவு உயரம், மேலே குறுக்குப் பிடி வைத்த கனத்த இரும்புக் கம்பி. ரோட்டில் பதித்த சின்ன இரும்பு மூடியைத் தூக்கிவிட்டு உள்ளே விட்டுத் திருகினால் தண்ணீர் வரும், எதிர்ப்பக்கம் திருகினால் நிற்கும். முனிசிபல் தண்ணீர் இலாகாவில் செல்லக்கண்ணுவுக்கு அதுதான் வேலை. தோளில் சாவியோடு அவன் நடந்து வருகிற மிடுக்கைப் பார்த்தால் தாம்சன் ரோட்டு ஏரியே அவன் அப்பன் வெட்டியது என்று நினைக்கத் தோன்றும். சந்துக்காரர்கள் அவனைத் "தண்ணிக்காரரே" என்று கூப்பிட்டார்கள். கேலியும் இருந்தது, மரியாதையும் இருந்தது. அன்றைக்குக் கிணற்றின் மேல் பலகை வைத்து ஆணி அடித்த ஆட்களில் அவனும் ஒருவன். அந்தத் தண்ணீரைக் குடித்தால் சாவு என்று துரை சொன்னதைக் காதால் கேட்டவன்.

அவன் மனைவி பூவம்மாவுக்கு அதுவரை பிறந்த பிள்ளைகள் ஒன்றுகூடத் தங்கவில்லை. மாரில் பால் ஊறவில்லை, அதனால்தான் போயின என்றாள் ஆராயி. அது நிஜமா பொய்யா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் பூவம்மா நம்பினாள், செல்லக்கண்ணுவும் நம்பினான். இந்தத் தடவை பெண் பிறந்தது. பால் ஊறியது. பிள்ளை குடித்தது, தூங்கியது, மறுபடி எழுந்து அழுதது. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே அவர்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாளைத் தள்ளினார்கள். பெயர்கூட வைக்கவில்லை. தண்ணீர் எடுத்த பிறகு வைக்கலாம் என்று இருந்தார்கள்.

தண்ணீர் எடுப்பது என்பது அவர்கள் வழக்கம். பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழிந்ததும் முதன்முதலில் வாசல் தாண்டிக் கிணற்றுக்குத்தான் போவாள். வெற்றிலை பாக்கு வைத்து, மஞ்சள் பூசி, கற்பூரம் காட்டி, தன் கையாலேயே ஒரு குடம் தண்ணீர் எடுப்பாள். அங்கேயே நின்று மூன்று கை அள்ளிக் குடிப்பாள். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் உலை வைப்பாள். தண்ணீர் ஊறுவதுபோல் பால் ஊறும், பிள்ளை தங்கும். கிணறு போய்க் குழாய் வந்த பிறகு இந்த வழக்கத்தை எங்கே செய்வது என்று பெண்கள் திகைத்தபோது ஆராயியே வழி சொன்னாள். "கங்கையும் மலையிலிருந்து எறங்கித்தானே வருது? இதுவும் மலைமேல இருக்கிற தொட்டியிலேருந்து எறங்கி வருது. இங்கேயே செய்யுங்கடி." அதிலிருந்து சந்தில் பிள்ளை பெற்றவள் எல்லாம் முனிசிபல் குழாய்க்குக் கற்பூரம் காட்டினாள்.

பூவம்மாவின் முறை வந்தபோது வானம் ஏமாற்றிவிட்டது. மழை பெய்ய வேண்டிய மாசத்தில் ஒரு பொட்டு விழவில்லை. ஏரியில் தண்ணீர் சேற்றுக்கு இறங்கியது. முதலில் குழாய்களை வேளை வைத்துத் திறந்தார்கள். பிறகு வேளையும் குறைந்தது. கடைசியில் ஒருநாள் காலை மண்டோர் இராமசாமி, தண்ணீர் இலாகா ஆட்களுக்கு மேஸ்திரி, செல்லக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

"உங்க சந்துப் பக்கம் எல்லாத்தையும் மூடிடு. மாட்டு வண்டியில தண்ணி அனுப்புவாங்க."

"மூடிடுன்னா, எப்ப திறக்கறது அண்ணே?"

"மழையைக் கேளு" என்றார் இராமசாமி. அவர் கெட்டவர் இல்லை. அவர் குடியிருந்த லைனிலும் குழாய் மூடித்தான் கிடந்தது.

செல்லக்கண்ணு தன் சந்துக் குழாயைத் தன் கையாலேயே மூடினான். குடத்தோடு நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவனுக்கு அவமானமாக இருந்தது, ஏதோ அவனே தண்ணீரைத் திருடி வீட்டில் ஒளித்து வைத்ததுபோல.

மறுநாளே தொந்தரவு தொடங்கியது. சந்து முனையில் மளிகைக்கடை வைத்திருந்த நாகூர்க்காரர் காதர் மைதீன் அவனை நிறுத்தினார். "தம்பி, சாவி உங்க தோள்லதானே இருக்கு. எல்லாருக்கும் வேணாம். கொஞ்சமா, ஒரு திருகு. தொழறதுக்கு முன்னாடி கை கால் கழுவி ஒலுச் செய்யக்கூடத் தண்ணி இல்லாம கெடக்கோம்."

"பாய், நான் திருகினா வராது. மேலே மலையில மூடிட்டாங்க."

"சரி, சரி. வேலைக்குப் பயப்படுறீங்க. பயப்பட வேண்டியதுதான்" என்று பாய் சிரித்தார். அந்தச் சிரிப்பு செல்லக்கண்ணுவைச் சுட்டது. வருஷக்கணக்காகச் சாவியைத் தூக்கிக்கொண்டு மிடுக்காக நடந்தவன் அவன்தானே. தண்ணீர் சாவியில் இல்லை என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்?

நம்ப வைக்க ஒரே வழிதான் இருந்தது. சந்து முழுக்கக் கூடி நிற்க, அவன் மூடியைத் தூக்கி, சாவியை விட்டு, இறுகும்வரை திருகினான். குழாய் இருமியது. நீளமாக ஒரு மூச்சு விட்டது. துருவாக ஒரு சொட்டு வந்து மஞ்சள் பூசிய மூக்கில் தொங்கி, விழாமலே காய்ந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை.

வண்டித் தண்ணீர் வந்தது, வராமலும் இருந்தது. வருகிற நாளில் வீட்டுக்கு ஒரு வாளி. குடிக்கவும் சமைக்கவும் அதுதான். விடியற்காலைக் குழாயடி போயிற்று. முஸ்லிம் பெண்கள் வீட்டோடு அடைந்தார்கள், அவர்களுக்குப் பதில் ஆண்கள் வண்டிக்குப் பின்னால் ஓடினார்கள். கோனாருக்கும் பாய்க்கும் வாளி இடித்துச் சண்டை வந்து, பேச்சு நின்றது. ஒரு குழாய் எத்தனை பேரை நல்லவர்களாக வைத்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

பூவம்மாவுக்குத் தீட்டுக் கழிந்தது. தண்ணீர் எடுக்கத் தண்ணீர் இல்லை. ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள், இன்னும் ஒரு வாரம் தள்ளினார்கள். வாளித் தண்ணீரில் அவள் பங்குக்கு எவ்வளவு கிடைக்கும்? உதடு வெடித்தது. பால் குறைந்தது. பிள்ளை மாரை விட்டு விட்டுப் பிடித்து அழுதது. அந்த அழுகை மாறிவிட்டதைப் பூவம்மா முதலில் கண்டுகொண்டாள். முன்னால் போனவையும் இப்படித்தான் அழுதன.

"தள்ளிப்போட்டதால வந்த வினை" என்றாள் ஆராயி. "இனி ஒரு நாள் தாங்காது."

"குழாய்க்கே கற்பூரம் காட்டிடறேன் அக்கா" என்றாள் பூவம்மா. "தண்ணி வரும்போது வரட்டும்."

ஆராயி காதைப் பொத்திக்கொண்டாள். "காஞ்ச குழாய்க்கா? காஞ்சதைக் கும்பிட்டா மாரும் காஞ்சு போகும்டி. வாயால சொல்லாதே."

எதிர்வீட்டுக் கதவிடுக்கிலிருந்து பதுருன்னிசா கேட்டுக்கொண்டிருந்தாள். காதர் மைதீனின் மனைவி. அவளுக்கும் கைப்பிள்ளை இருந்தது. பூவம்மாவின் பிரசவத்தின்போது பகலிலேயே முக்காடு போட்டுக்கொண்டு சந்தைத் தாண்டி வந்து கையைப் பிடித்துக்கொண்டவள். "எங்க சாடியில கொஞ்சம் இருக்கு பூவு. எடுத்துக்க" என்றாள்.

"புடிச்சு வச்ச தண்ணி ஆகாதும்மா" என்றாள் ஆராயி, மரியாதையோடுதான். "ஓடற தண்ணி வேணும், இல்லே ஊற தண்ணி வேணும்." சொல்லிவிட்டு அவள் சந்தின் கடைசிப் பக்கம் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். பலகைக்கு அடியில் கிணறு ஊறிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் போய் நின்றால் குளிர்ச்சி மேலே வரும்.

செல்லக்கண்ணு மண்டோரிடம் ஓடினான். "ஒரு குடம் அண்ணே. ஒரே குடம் வந்தாப் போதும். அப்புறம் மூடிடறேன். பெத்த பிள்ளைக்காகக் கேக்கறேன்."

இராமசாமி அவனை உட்கார வைத்தார். "நான் கல்லா என்ன? புரிஞ்சுக்க. உன் சந்துக்கு ஒரு குடம் வரணும்னா மலையிலேருந்து உங்க சந்து வரைக்கும் உள்ள குழாய் மொத்தமும் நெறையணும். வழியில உள்ளவன் எல்லாம் திறந்து வச்சிருக்கான், அத்தனை பேருக்கும் போகும். தொட்டியில அவ்வளவு இல்லை. பெரிய தொரை கையிலயும் அது இல்லைடா."

யாராவது ஒருவர் மறுத்திருந்தால் அவர் காலில் விழலாம், வையலாம், அடிக்கக்கூடப் போகலாம். மழை பெய்யவில்லை என்றால் யார் காலில் விழுவது? வருகிற வழியெல்லாம் சாவி அவன் தோளில் கனத்தது. அதைச் சாக்கடையில் எறிந்துவிடலாமா என்றிருந்தது.

அவன் வந்து சேர்ந்தபோது பூவம்மா தலை குளித்தவள்போல் வாரி முடிந்து, மஞ்சள் சேலை கட்டி, இடுப்பில் குடத்தோடு வாசலில் நின்றாள். பெண்கள் சுற்றி இருந்தார்கள். பிள்ளை பதுருன்னிசாவின் கையில் அழுதுகொண்டிருந்தது. பூவம்மா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"குழாய் வருமா மாமா?"

"வராது புள்ள."

"அப்ப கெணத்துல எடுக்கவா? நீங்க சொல்லுங்க. நீங்க வேணாம்னா வேணாம்."

அவளுக்கு ஆராயியைவிட அவன் வார்த்தை பெரிது. அவன் வேண்டாம் என்றால் அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போயிருப்பாள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். துரை சொன்னதும் தெரியும். ஆனால் அந்த அழுகை காதில் விழுந்துகொண்டே இருந்தது. வேண்டாம் என்று சொல்லி, நாளைக்குப் பிள்ளை போய்விட்டால் அந்தச் சாவு அவன் வாயால் வந்ததாகும். எடு என்று சொல்லி ஏதாவது ஆனால்? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"காய்ச்சிக் குடிச்சா ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லுவாங்க" என்றான் மெல்ல.

"கங்கையைக் காய்ச்சறதா?" என்றாள் ஆராயி. "மூணு கை. மூணே கை. அப்புறம் திரும்ப மூடிடுவோம். ஊரே குடிச்சு வளர்ந்த தண்ணி அது, மறந்துபோச்சா தண்ணிக்காரரே?"

அவன் பூவம்மாவைப் பார்க்காமல் சொன்னான். "ஆராயக்கா சொல்றபடி செய்."

பலகையில் ஆணி இறுகிப் பிடித்திருந்தது. அவன் அடித்த ஆணி. கோனார் கையால் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. நெம்ப ஒரு கம்பி வேண்டும் என்றார். எல்லாருடைய கண்ணும் செல்லக்கண்ணுவின் தோளுக்குப் போனது. அவன் சாவியை இறக்கிக் கொடுத்தான். கோனார் அதைப் பலகைக்கு அடியில் விட்டு நெம்பினார். ஆணி கிறீச்சிட்டுக் கழன்றது.

தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. நாற்றம் இல்லை, நிறம் இல்லை. சேறாக வந்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். பூவம்மா வெற்றிலையில் கற்பூரம் கொளுத்திக் காட்டி, கயிறு விட்டு இறைத்து, மூன்று கை அள்ளிக் குடித்தாள். காய்ந்துகிடந்த தொண்டை. மூன்றாவது கையைக் குடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "இனிக்குது மாமா" என்றாள். இன்னும் ஒரு கை அள்ளினாள். யாரும் தடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் பால் வந்தது. அதுதான் கொடுமை. பிள்ளை வயிறு முட்டக் குடித்துவிட்டு, கடைவாயில் பால் வழிய உறங்கியது. பூவம்மா சிரித்தாள். கங்கம்மா என்று பெயர் வைத்தார்கள். ஆராயி தலை நிமிர்ந்து நடந்தாள். செல்லக்கண்ணுகூட, துரைமாருக்கு என்ன தெரியும், பயந்தாங்கொள்ளிகள் என்று நினைத்தான். அவன் வாழ்க்கையில் அப்படி நிம்மதியாகத் தூங்கிய நாள் வேறு இல்லை.

இரண்டு நாள் கழித்து, அடுப்பு மூட்டக் குனிந்த பூவம்மா அப்படியே உட்கார்ந்தாள். முதலில் வாந்தி. பிறகு நிற்காமல் பேதி. வெயில் உச்சிக்கு வருவதற்குள் கண் குழிந்து, குரல் அடங்கி, விரல் நுனி எல்லாம் வெகுநேரம் நீரில் ஊறியதுபோல் சுருங்கிவிட்டது. ஆராயி வேப்பம்பட்டையும் சுக்கும் வைத்து இடித்தாள்.

"முனிசிபல்ல சொல்லாதீங்க" என்று சந்தில் யாரோ சொன்னார்கள். "வீட்டைப் பூட்டிடுவாங்க, துணிமணியைக் கொளுத்திடுவாங்க." செல்லக்கண்ணு கேட்கவில்லை. கேட்க வேண்டாத நேரத்தில் எல்லாம் மற்றவர் பேச்சைக் கேட்டவன், அன்றைக்குத்தான் கேட்காமல் ஓடினான்.

வண்டி வந்தது. வந்தவர்கள் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள், பூவம்மாவைப் பூப்போலத் தூக்கி வைத்தார்கள். கிணற்றில் குடித்தாளா என்று கேட்டார்கள். அவன் ஆமாம் என்றான். பலகை அடித்திருந்ததே, யார் பிரித்தது என்று கேட்டார்கள். அவன் பூவம்மா பக்கம் திரும்பிக்கொண்டான். வண்டி நகரும்போது பூவம்மா உதட்டை அசைத்தாள். அவன் காதை வைத்துக் கேட்டான். "பிள்ளைக்குப் பசிக்கும்" என்றாள்.

பிள்ளை உள்ளே வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. யாருக்கும் அந்த வீட்டுக்குள் கால் வைக்கத் துணிவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சந்து நிறைய ஆண்கள் நின்ற அந்தப் பட்டப்பகலில், பதுருன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குறுக்கே நடந்தாள். எல்லாரும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள், முன்பு விடியற்காலையில் திருப்பிக்கொண்டதுபோல. அவள் பிள்ளையை எடுத்துத் தன் முந்தானைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிப் போனாள். காதர் மைதீன் மனைவிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

வாந்திபேதி ஆஸ்பத்திரி ஊரை விட்டுத் தள்ளி இருந்தது. வாசலுக்கு மேல் யாரையும் விடவில்லை. விட்டால் வெளியே வருகிறவன் ஊருக்கு நோயைக் கொண்டுபோவான். அது நியாயம்தான், அவனுக்கும் தெரியும். வாசலில் நின்று, "தண்ணி குடுக்கறீங்களா அவளுக்கு? தண்ணி கேப்பா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். கொடுக்கிறோம் என்றார்கள். இருட்டும்வரை நின்றுவிட்டுத் திரும்பினான்.

மறுநாள் காலை மண்டோர் இராமசாமி சந்துக்கே வந்தார். அவனை நேராகப் பார்க்கவில்லை. "உத்தரவு வந்திருக்கு. இந்த லைனைத் திறந்துவிடச் சொல்லிட்டாங்க. நோய் வந்த சந்து, கிணத்துப் பக்கம் மறுபடி போகக் கூடாதுன்னு. வழியில உள்ள குழாயை எல்லாம் ஆள் விட்டு மூடிட்டு மலையில திறந்தாச்சு. மத்த எடத்துக்கு இல்லை, இங்க மட்டும்." சாவிக்குக் கை நீட்டினார். "வேற ஆளை விடட்டுமா?"

"நானே செய்யறேன்" என்றான் செல்லக்கண்ணு.

ஒரு குடத்துக்கு மலையிலிருந்து குழாய் நிறைய வேண்டும் என்றார்கள், அதற்குத் தண்ணீர் இல்லை என்றார்கள். ஒரு குடத்துக்கு இல்லாதது ஒரு நோய்க்கு வந்துவிட்டது. யாரைக் குற்றம் சொல்வது? யாரோ ஒரு துரை எங்கோ உட்கார்ந்து, இன்னும் பத்துப் பேர் சாகக் கூடாது என்று நல்லதைத்தான் நினைத்திருக்கிறார். அந்தப் பத்துப் பேருக்காகப் பூவம்மா முதல் ஆளாகப் படுக்க வேண்டியிருந்தது.

அவன் மூடியைத் தூக்கினான். சாவியின் நுனியில் கிணற்றுப் பலகையின் பாசி இன்னும் ஒட்டியிருந்தது. உள்ளே விட்டுத் திருகினான். குழாய் இருமியது, மூச்சு விட்டது, துருவைக் கக்கியது, பிறகு வெள்ளையாகத் தண்ணீர் கொட்டியது. சந்து முழுக்க ஒரு சத்தம் எழுந்து, அவனைக் கண்டதும் அடங்கிவிட்டது. வரிசையில் குடம் இருந்தது, எடுத்து வைக்க ஒருத்திக்கும் கை வரவில்லை. அவன் வீட்டுக்குள் போய்ப் பூவம்மாவின் பித்தளைச் சொம்பை எடுத்து வந்து, முதல் தண்ணீரைப் பிடித்து, சொம்பின் வாயில் வெள்ளைத் துணி கட்டினான்.

"அவளுக்கா தம்பி?" என்றார் காதர் மைதீன்.

"ஆமா பாய். குழாய்த் தண்ணின்னு சொன்னா சந்தோஷப்படுவா."

ஒரு சொட்டுச் சிந்தாமல் அவ்வளவு தூரமும் நடந்தான். ரிக்‌ஷாக்காரன் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நேற்று நின்ற அதே ஆள்தான் நின்றான். செல்லக்கண்ணு சொம்பை நீட்டினான். அந்த ஆள் வாங்கவில்லை. விடியற்காலையிலேயே முடிந்துவிட்டது, உடம்பைத் தர மாட்டார்கள், சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாகிவிட்டது என்றான். அவனும் தமிழன்தான். சொல்லிவிட்டு அழுதான்.

செல்லக்கண்ணுவுக்கு அழுகை வரவில்லை. சொம்பைத் தூக்கிக்கொண்டு அதே வழியில் திரும்பி நடந்தான். இப்போதும் சிந்தவில்லை. ஏன் பத்திரமாகக் கொண்டுபோகிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

சந்தில் முனிசிபல் ஆட்கள் வண்டி வண்டியாக மண்ணைக் கொட்டிக் கிணற்றைத் தூர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆராயி கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து, விழுகிற மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அவளை வையலாம் என்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தான். சொன்னது அவள் என்றால், சாவி கொடுத்தது யார்? அவளைத் தாண்டிப் போனான்.

எதிர்வீட்டு வாசலில் நின்றான். உள்ளேயிருந்து திரை அசைந்தது.

"பிள்ளை குடிச்சிட்டுத் தூங்குது தம்பி" என்றாள் பதுருன்னிசா. "எம் மவனுக்கு ஒரு பக்கம், இவளுக்கு ஒரு பக்கம். நீங்க கவலைப்படாதீங்க. பூவு எப்படி இருக்கா?"

சொம்பின் துணியை அவிழ்த்தான். திரைக்கு அடியில், தரையில் வைத்து உள்ளே தள்ளினான்.

"குழாய்த் தண்ணி ராத்தா" என்றான். "அவ குடிக்கல. நீங்க குடிங்க. பால் குடுக்கறது நீங்கதானே."

உள்ளே அடக்கிய ஒரு விம்மல் கேட்டது. வளையல் கை ஒன்று வந்து சொம்பை எடுத்தது. பதுருன்னிசா உட்கார்ந்து, பிஸ்மில்லா சொல்லி, நிறுத்தி நிறுத்தி மூன்று மிடறாகக் குடித்தாள். தண்ணீர் குடிப்பதற்கு அவர்கள் வழக்கம் அது. செல்லக்கண்ணு திரைக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு மிடறையும் எண்ணினான். மூன்றாவது கேட்டதும் சாவியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்து, சந்து முழுக்கக் கேட்கும்படி அழுதான்.